மரநாயும் ஆறு நோன்பும்

ராத்தாவின் பிள்ளைப்பேற்றுக்கென்று உம்மா ஊர்க்கோழிகள் வளர்த்தார். றஜப் மாதத்தில் பதினாலு இருந்தன. அடுத்த மாதமான ஷஃபான் முடியும்போது ஒன்பது இருந்தன. ஐந்தும் இரவில் போயின.

கோழிகள் எதற்கு என்பது எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் ஊர்க்கோழியில் சரக்குக் கறி ஆக்கிக் கொடுக்க வேண்டும். எனக்கு மூத்த றுகையா ராத்தாவுக்கு இது இரண்டாவது. முதல் பிள்ளை தங்கவில்லை. அந்த முறை வீட்டில் ஊர்க்கோழி இல்லாததால் கடையில் பண்ணைக் கோழி வாங்கி ஆக்கிக் கொடுத்தோம். இரண்டுக்கும் தொடர்பில்லை. நான் அதை உம்மாவிடம் சொல்லவில்லை. இந்த முறை பண்ணைக் கோழி வாசலுக்குள் வராது என்று உம்மா சொல்லிவிட்டார்.

நான் சம்மாந்துறையில் உயிரியல் படித்துப் பட்டம் பெற்றவள். பெற்று இரண்டு வருடமாகிறது. முன்வீடு ராத்தாவுக்குச் சீதனமாகப் போனதால் நானும் உம்மாவும் பின்னால் கட்டிய இரண்டு அறைகளில் இருக்கிறோம். வாப்பா அநேகமாக இறக்காமத்தில் வயல் காவலில் இருப்பார். எங்கள் குடும்பத்தில் காவல் அனுபவம் அவருக்கு மட்டும்தான் உண்டு. அது யானைக்கு.

கோழிகளைக் கூட்டில் அடைத்தால் என்ன என்று கேட்கலாம். அடைத்தோம். போன வருடம் கூட்டுக்குள் நோய் வந்து ஒரே கிழமையில் ஆறு செத்தன. மிஞ்சியவை மாமரத்தில் ஏறின. அவை பெற்றவையும் ஏறின. கூட்டில் இப்போது விறகு இருக்கிறது. பொழுது பட்டால் மரத்தில் ஒன்பது கோழிகளையும் எண்ணலாம், பிடிக்க முடியாது.

ஐந்தாவது கோழி போன காலையில் மரத்தடி மணலில் தடம் பார்த்தேன். ஐந்து விரல், நக அடையாளம். பூனைக்கு நான்கு விரல்தான் பதியும், நகம் பதியாது. மரநாய் என்று உம்மாவிடம் சொன்னேன்.

“ஆரா இருந்தா என்ன?” என்றார் உம்மா. “பேரத் தெரிஞ்சி பொலிசுக்கா குடுக்கப் போற?”

கோழி கத்துகிற சத்தம் கேட்டது எப்போதும் இரவு மூன்று மணியளவில் என்று கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

மின்னுகிற சிவப்பு வெளிச்சத்தை இன்னொரு விலங்கின் கண் என்று நினைத்து இரவு விலங்குகள் ஒதுங்கும் என்று வாசித்திருந்தேன். ராத்தாவின் கணவர் றிஸ்வான் மச்சான் படகில் போகிறவர். வலை மிதப்பில் கட்டுகிற சிறு விளக்கு ஒன்றைக் கேட்டேன். இருட்டினால் அது தானாக மின்னத் தொடங்கும். நோன்புக்குப் பிறை கண்ட அன்று படகு கரைக்கு வந்திருந்தது. விளக்கைக் கொண்டுவந்து தந்தார். நைலோன் கயிற்றில் கட்டி, கயிற்றைக் கிளைக்கு மேலால் எறிந்து, இழுத்து உயர்த்தினேன்.

எங்கள் மாமரத்தின் ஒரு கிளை வலப்பக்கம் கைருன்னிஸா மாமியின் வளவுக்குப் போகிறது. இன்னொரு கிளை இடப்பக்கம் மேனுஜாவின் வளவுக்குப் போகிறது. மூன்று வீட்டுக் குசினியும் மரத்தைப் பார்த்தபடி இருக்கின்றன. கைருன்னிஸா மாமி சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“இதென்னகா, இண்டைக்குத்தான் தல நோன்பு. இப்பவே பெருநாள் வெளக்குப் போட்டிருக்கீங்க?”

“மரநாய்க்கு மாமி” என்றேன்.

“மரநாய்க்கு வெளக்குப் புடிக்கிறயா? அதுக்குப் பாத தெரியாம இருந்தாத்தானே எங்களுக்கு நல்லம்.”

முதல் இரவு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் இரவும் நடக்கவில்லை. ஏழாம் நோன்பு வரை கொப்பியில் ‘ஒன்பது’ என்று ஏழு முறை எழுதினேன். அதற்கு முந்திய ஏழு கிழமைகளில் ஐந்து போயிருந்தன.

எட்டாம் நோன்பன்று கைருன்னிஸா மாமி நோன்புக் கஞ்சியோடு வந்தார். கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“எனக்கும் ஒண்டு எடுத்துத் தாவன் மகள். பன்ரெண்டு கோழிய குசினிக்குள்ள கூடையால மூடி, காலம்பற நாத்தத்துல ஸஹர் சோறு எறங்குதில்ல.”

மாமி முட்டை விற்கிறவர். கோழிகளை வீட்டுக்குள் வைத்ததால் ஒன்றையும் இழக்காதவர் ஒழுங்கையில் அவர் ஒருவர்தான். விளக்கு வந்த அன்றே கோழிகளைத் திறந்துவிட்டார். அவை ஒரு கிழமை தடுமாறி, பிறகு மரத்தில் ஏறிக்கொண்டன. மேனுஜாவும் தன் கணவரைக் கொண்டு ஒன்று வாங்குவித்தாள். அவளுக்கு இருந்தது நான்கு கோழியும் ஒரு சேவலும்.

றிஸ்வான் மச்சான் மரத்தை அண்ணாந்து பார்த்தார். “கடல்ல வலைக்கு வெளக்கில்ல, மாமரத்துல மூண்டு மின்னுது. இனி மீன் இஞ்சதான் ஏறும்” என்றார்.

அதன் பிறகு என்னிடம் ஆட்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். கோழிக்கு மட்டுமல்ல. ஒருவர் பிரஷர் குளிசையைக் கொண்டுவந்தார். ஒருவர் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்தார். உம்மா எல்லாரிடமும் “மகள் சயன்ஸ் படிச்ச” என்றார். இரண்டு வருடமாக அதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு முகம் சூடாகியது. ஆனாலும் பிடித்திருந்தது.

இருபத்தேழாம் இரவு ஒழுங்கையில் யாரும் தூங்கவில்லை. மூன்று மணிக்கு வெளியே வந்தேன். எல்லா வீட்டிலும் விளக்கு. கைருன்னிஸா மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மேனுஜா வீட்டில் கறி தாளிக்கும் வாசம். சந்தியில் பொடியன்மார் பலகை போட்டுக் கரம் விளையாடினார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி, விடியுமுன் சாப்பிடுகிற ஸஹருக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. பிறை கண்ட நாளிலிருந்து ஒவ்வொரு இரவும், கொஞ்சம் கூடக் குறைய, இப்படித்தான் இருந்தது.

நான் மரத்தைப் பார்த்தேன். எங்கள் விளக்கு மின்னவில்லை, மற்ற இரண்டும் மின்னவில்லை.

ராத்தா முன்வீட்டு விறாந்தையில் இடுப்பு நாரியைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

“ராத்தா, எங்கிட வெளக்கு எப்ப நிண்ட?”

“அது பத்தாம் நோன்போட நிண்டிட்டே. ஜன்னலால பளிச்சுப் பளிச்செண்டு மூஞ்சிக்கு அடிச்சிட்டிருந்த. நீ எரக்கப்பட்டு அணைச்சிட்ட எண்டு நெனச்ச.”

கயிற்றை அவிழ்த்து விளக்கை இறக்கினேன். பற்றறி முடிந்திருந்தது. பதினாறு இரவு மரத்தில் வெறும் பிளாஸ்ரிக் தொங்கியிருக்கிறது. ஒரு கோழியும் போகவில்லை. விளக்குக் கட்டியதும் நோன்பு தொடங்கியதும் ஒரே நாள். முதலாம் வருட மாணவிகூடச் செய்யாத பிழை. நான் சிறப்புப் பட்டம்.

உம்மாவிடம் போய்ச் சொன்னேன். உம்மா ரொட்டியைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

“பற்றறி முடிஞ்சும் பதினாறு நாள் வேல செஞ்சிருக்கு. அப்ப நல்ல சாமான்தானே?”

“வெளக்கு ஒண்டும் செய்யல்ல உம்மா. மூணு மணிக்கு ஊரே முழிச்சிருக்கு, அதான் மரநாய் வாறல்ல. நோன்பு முடிஞ்சா வரும்.”

“நல்ல ராவுல வாயக் கழுவு.”

அடுத்த நாள் கைருன்னிஸா மாமியிடம் போனேன். வாசலில் நின்று இரண்டு முறை தொண்டையைச் சரி செய்தேன். விளக்கால் பயனில்லை, பெருநாளுக்கு முன் கோழிகளை மறுபடி கூடைக்குப் பழக்கினால் நல்லம் என்று சொன்னேன். மாமி முழுவதையும் கேட்டார். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் திரும்பினார்.

“மேனுஜா, கேட்டியா புள்ள? தான் செஞ்சத தான் செய்யல்ல எண்டு சொல்லுது. இந்தக் காலத்துல இப்பிடி அடக்கமா ஆரு இருக்காங்க?”

“மாமி, அடக்கம் இல்ல, மெய்யாத்தான்...”

“சரி சரி. மரத்துல ஏறி ருசி கண்ட கோழிய இனிக் கூடைக்குள்ள போட ஏலுமா? அதுகளோட ஆரு மல்லுக்கட்டுற?”

அன்று பின்னேரமே எனக்கு அக்கரைப்பற்றில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாக உம்மாவிடம் சொல்லப்பட்டது. நான் வேறு வீடுகளுக்குப் போகவில்லை.

இருபத்தொன்பதில் பிறை தெரிந்தது. பெருநாள் முழுக்க எல்லாரும் சாப்பிட்டார்கள், ஆட்களைப் பார்க்கப் போனார்கள், வந்தார்கள். பத்து மணிக்கு ஒழுங்கை இருண்டது. ஒரு மாதத்துத் தூக்கம் எல்லாருக்கும் ஒன்றாக வந்தது. நானும் தூங்கிவிட்டேன்.

காலையில் எங்கள் கோழி எட்டு. கைருன்னிஸா மாமிக்கு இரண்டு குறைந்தது. மாமி இறகைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“என்னகா இது? உன்ட வெளக்குக்கும் பெருநாள் லீவா?”

உம்மா பற்றறி வாங்கச் சொன்னார். மூன்று விளக்குக்கும் புதிது போட்டேன். அன்று இரவு மூன்றும் சரியாக மின்னின. மரநாய் அந்த வெளிச்சத்தில் வந்து, எங்கள் வெள்ளைப் பேட்டைத் தெரிவு செய்து கொண்டு போயிற்று. ஏழு.

உம்மா அன்று ஒருவரையும் ஏசவில்லை. படியில் உட்கார்ந்து, விரல்களை மடக்கி ஏழு வரை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

“புள்ள பொறக்க இன்னும் மூணு கெழம இருக்கு” என்றார். “அதுக்குள்ள இதுவும் முடிஞ்சிரும். மறுகா அவளுக்கு என்னத்தக் குடுக்கிற?”

 எட்டிலிருந்து ஏழு ஆனதற்குக் காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. இருபத்தேழாம் இரவிலேயே தெரிந்திருந்தது.

மூன்றாம் இரவு உம்மா ஆறு நோன்பைத் தொடங்கினார். இரண்டே முக்காலுக்கு எழும்பி அடுப்பை மூட்டினார். தேங்காய் துருவினார். எனக்கும் நோன்பு மாதத்தில் விட்டதை ஈடு செய்கிற கழா நோன்பு இருந்ததால் நானும் எழும்பினேன். பக்கத்து இரண்டு வீட்டிலும் விளக்கு எரிந்தது. ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பை எங்கள் ஒழுங்கைப் பெண்கள் பெருநாள் முடிந்த கையோடு ஒன்றாகப் பிடித்து முடித்துவிடுவார்கள். காலையில் கோழி ஏழு.

கொப்பியைத் திறந்து கணக்குப் பார்த்தேன். எல்லாரும் ஒன்றாகப் பிடித்தால் ஒரே ஆறு இரவுகளில் மூன்று அடுப்பும் எரியும். அதற்குப் பிறகு ஒன்றும் எரியாது. பிரித்துப் பிடித்தால், விடுபட்ட கழாவையும் சேர்த்தால், ஒவ்வொரு இரவும் ஏதாவது ஒரு குசினியில் ஆள் இருக்கும். ராத்தாவுக்கு வைத்தியர் சொன்ன தேதி வரை போதும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் எத்தனை கழா என்று கேட்க வேண்டும். அதை ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கேட்பதில்லை. காரணம் எல்லாருக்கும் மாதாமாதம் ஒன்றேதான். அதனால்தான் கேட்பதில்லை.

கைருன்னிஸா மாமிக்கு அந்த வயது கடந்துவிட்டது, ஆகவே அவரிடம் முதலில் போனேன். ஆறும், காய்ச்சலில் விட்ட இரண்டும் என்றார். பிறகு நான் கேட்டதன் நோக்கம் விளங்கி என்னைப் பார்த்தார்.

“நிய்யத்துல என்ன சொல்ற? மரநாயத் துரத்த நோன்பு நோற்கிறேன் எண்டா?”

“நிய்யத்து அல்லாஹ்வுக்குத்தான் மாமி. நாள் மட்டும் கோழிக்கு.”

“ஒண்டாப் புடிக்கிறதுதானே லேசு. தனிய ஒழும்பித் தனியத் திங்கிற ஒரு நோன்பா?”

“பிரிச்சும் புடிக்கலாம் எண்டு மௌலவியா சொன்னவ.”

“அவக்கிட்டக் கோழி இரிக்கா?”

“இல்ல.”

“அப்ப சரி. பக்கம் சாராமத்தான் சொல்லியிருப்பா.” மாமி யோசித்தார். “வெள்ளிக்கெழமை எனக்குப் போடாத. எண்ட மகள்ட வீட்ட போவன்.”

மேனுஜாவுக்கு என் வயதுதான். கலியாணம் முடித்து ஒரு வருடம். கணவர் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் சுவருக்கு இந்தப் பக்கம் மட்டும் தெரியும்படி ஒரு கையை விரித்தாள். பிறகு இரண்டு விரல்களைக் காட்டினாள். நான் தலையாட்டினேன். அவள் “ஆருக்கிட்டயும் காட்டாத” என்றாள். கொப்பியில் அவள் பெயரை எழுதவில்லை, ‘இடப்பக்கம்’ என்று எழுதினேன்.

உம்மா என் அட்டவணையைக் குசினிக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஷவ்வால் பிறை நான்கிலிருந்து பதினாறு வரை ஒவ்வொரு இரவும் ஓர் அடுப்பு எரிந்தது. கைருன்னிஸா மாமி தன் முறை வந்தபோது, தான் விழித்திருப்பது தெரியட்டும் என்று எல்லாச் சட்டிகளையும் ஒரு முறை தட்டினார். மரநாய்க்கா எங்களுக்கா என்று தெரியவில்லை. காலையில் ஏழு. மறுநாளும் ஏழு. கொப்பியில் ஏழு தவிர வேறு எண் இல்லை.

பிறை பதினேழு மேனுஜாவின் முறை. பொழுது பட்டு, மஃரிபுக்குப் பிறகு அவள் சுவரடிக்கு வந்தாள்.

“அப்னா, எனக்கு நாளைக்கு ஏலா.”

“ஏன்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். எனக்கும் முந்தநாளிலிருந்து ஏலாது. உம்மாவின் ஆறும் முடிந்திருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, கைருன்னிஸா மாமி மகள் வீட்டில். அட்டவணையில் நான்கு பேரும் ஒரே நாளில் இல்லாமல் போவோம் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உள்ளே போய் உம்மாவிடம், இன்றைக்கு நோன்பு பிடிக்க ஆளில்லை என்றேன்.

“சும்மா ஒழும்பினா என்ன?” என்றார் உம்மா. “நோன்பு இல்லாட்டிக் கால் எடுபடாதா? லைட்டப் போட்டு ரெண்டு தேங்காயத் துருவு.”

நான் தேங்காயை எடுத்து வைத்தேன்.

“அப்ப எதுக்கு ஊட்டுக்கு ஊடு கணக்குக் கேட்டுத் திரிஞ்ச? சும்மா ஒழும்பச் சொல்லியிருக்கலாமே?”

“நோன்புக்கு எண்டா ஆரும் ஒழும்புவாங்க உம்மா. எங்கிட கோழிக்கு எண்டா ஆரு ஒழும்புவா?”

 சுவருக்கு அப்பாலிருந்து மேனுஜா, “நான் ஒழும்புறன்” என்றாள். அவள் இன்னும் போகாமல் நின்றிருந்தாள்.

மூன்று மணிக்கு முன் இரண்டு குசினியிலும் விளக்கு எரிந்தது. நான் துருவினேன். அவளும் துருவினாள். யாருக்கும் சமையல் இல்லை. நான் நிறுத்தும்போது அவளுடைய துருவல் கேட்டது. அது ஓர் ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்தபோது ராத்தா கதவில் நின்றாள். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

“அப்னா, தேங்காய வை. உம்மாவ ஒழுப்பு. தண்ணி போகுது.”

தேதிக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. உம்மா எழும்பி, கட்டி வைத்திருந்த பையை எடுத்து, அதை வைத்து, மறுபடி எடுத்தார். மச்சான் ஓடிப் போய் ஆட்டோவை எழுப்பிக் கொண்டுவந்தார். ராத்தா ஏறும்போது என் கையைப் பிடித்தவள் விடவில்லை. அதனால் நானும் போக வேண்டியதாயிற்று. சுவர்ப் பக்கம் பார்த்து, “மேனுஜா, நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறம்” என்று கத்தினேன். நான் அவ்வளவு சத்தமாகக் கதைத்து ஒழுங்கையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“போங்க, நான் இரிக்கன்” என்றாள்.

கல்முனை ஆஸ்பத்திரியில் காலை ஒன்பது இருபதுக்குப் பிள்ளை பிறந்தது. பெண். இரண்டு கிலோ எழுநூறு கிராம். அழுதது. உம்மா சுவரோடு சாய்ந்து நின்று, திரும்பத் திரும்ப “சத்தம் நல்லா இரிக்கா? சத்தம் நல்லா இரிக்கா?” என்று கேட்டார். நல்லா இருக்கிறது என்று தாதி மூன்று முறை சொன்னார்.

உடுப்பு எடுக்க நான் நண்பகல் வீட்டுக்கு வந்தேன். முதலில் முற்றத்துக்குப் போனேன். ஏழும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. சுவருக்கு மேலால் மேனுஜாவின் முகம் தெரிந்தது. கண்கள் சிவந்திருந்தன.

“பொம்புளப் புள்ள. ரெண்டு பேரும் சுகம்” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். பிறகு, “பதினொண்டு” என்றாள்.

“என்ன பதினொண்டு?”

“தேங்கா. நிப்பாட்டினா வந்திரும் எண்டு பயந்து போன. எங்கிட முடிஞ்சி, மறுகா உங்கிட குசினியில இரிந்ததயும் எடுத்துத் துருவின.”

“விடியச் சுபஹுக்குப் பாங்கு சொன்ன ஒடனே நிப்பாட்டியிருக்கலாமே?”

“நீ சொல்லல்லயே.”

அவள் கணவர் காலையில் குசினிக்குள் வந்து, தேங்காய்ப்பூவைப் பார்த்து, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டாராம். பக்கத்து வீட்டில் பிள்ளை பிறக்கிறது என்று சொன்னாளாம். அவர் அதற்கு மேல் கேட்கவில்லையாம். இரண்டு வீட்டிலும் நான்கு நாளைக்குச் சம்பல், ரொட்டி, பால்சோறு, மறுபடி சம்பல்.

இப்போது பிள்ளை இரவில் மூன்று முறை எழும்புகிறது. ஒவ்வொரு முறையும் நாங்கள் எல்லாரும் எழும்புகிறோம். அட்டவணையை உம்மா கழற்றிவிட்டார். கொப்பியில் எண் மட்டும் எழுதுகிறேன். ஏழு, ஏழு, ஆறு. ஆறானது பகலில், பிஸ்மி சொல்லி அறுத்து. உம்மா மிளகும் சரக்கும் அரைத்துக் கறி ஆக்கினார். ராத்தா கடைசித் துண்டு வரை முடிக்கும் மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

நேற்று, மூன்றாவது கோழியில், ராத்தா பாதியில் கையை எடுத்தாள்.

“உம்மா, இது சரியான வைரம். பல்லுக்கு ஏலா. நாளைக்குக் கடையில ஒரு சின்னக் கோழி வாங்கினா என்ன?”

உம்மா கோப்பையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினார். ராத்தா பிள்ளையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக மெல்லத் தொடங்கினாள்.

நான் வெளியே போய் மரத்தைப் பார்த்தேன். நான்கு இருந்தன.